நட்டை இறுக்கியதும் பின்சக்கரம் ஏன் இறுகுகிறது?

மாமாவின் தரைவீட்டு முற்றத்தில் வைத்து மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, புதிய டயர், புதிய பேரிங்குகள், புதிய கப்ளிங் ரப்பர்கள் (செயின் இழுக்கும் அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகள்) ஆகியவற்றைப் போட்டு மீண்டும் பூட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிலின், அதாவது சக்கரத்தின் நடுவே செல்லும் கம்பியின், நட்டை விரலால் திருகி வைத்திருக்கும்வரை சக்கரம் தாராளமாகச் சுழல்கிறது, ஸ்பேனரால் இறுக்கியதும் கையால் வேகமாகத் தள்ளினாலும் அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். வேலை முடிந்தபின் துணியின் மீது ஒரு சிறிய இரும்புக் காலர் (குட்டைக் குழாய்த் துண்டு) மிஞ்சிக் கிடந்ததையும், அது எங்கிருந்து வந்தது என்று நினைவில்லை என்பதையும் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த வாரக் கடைசியில் மலாக்கா வரை போகவேண்டியிருப்பதால், நட்டைச் சற்றுத் தளர்வாக விட்டு ஓட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

கூடாது, தம்பி. நட்டைத் தளர்த்தினால் குறை மறைந்துகொள்ளும், தீராது. கேள்வியின் முதல் வரியில் வந்திருக்க வேண்டியது அந்தக் காலர்தான். ஆனாலும் அதை எங்கே போடவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால் அடுத்த முறையும் இதே இடத்தில் தடுமாறுவீர்கள் என்பதால், சக்கரம் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்களுடையது சிங்கப்பூரில் 2பி உரிமத்தில் (200 சிசி வரையிலான வண்டிகளுக்கான உரிமம்) ஓட்டும் 200 சிசி வண்டி. செயினும், பின்சக்கரத்தைத் தாங்கும், இரு புறமும் கை உள்ள ஸ்விங் ஆர்மும், பின்பக்கமும் டிஸ்க் பிரேக்கும் உள்ளது. கீழே சொல்வதெல்லாம் அந்த அமைப்புக்கு உரியது.

ஆக்சில் நட்டு சக்கரத்தைப் பிடித்து இறுக்குகிறது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது சக்கரத்தைத் தொடுவதே இல்லை. ஆக்சில் கம்பியின் மீது, ஸ்விங் ஆர்மின் ஒரு கையிலிருந்து மறு கை வரை, இரும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. வலது பக்கத்திலிருந்து எண்ணினால் முதலில் பிரேக் கேலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) தாங்கும் பிராக்கெட், அடுத்து வலது ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் குட்டைக் குழாய்), பிறகு ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், வலது பேரிங்கினுடைய உள்வளையம், அதன்பின் ஹப்பின் வயிற்றுக்குள் கிடக்கும் நீண்ட ஸ்பேசர் குழாய், இடது பேரிங்கின் உள்வளையம், ஸ்ப்ராக்கெட் கேரியருக்குள் (செயின் ஓடும் பல்சக்கரத்தைத் தாங்கும் பகுதி) இருக்கும் காலர், கேரியர் பேரிங்கின் உள்வளையம், கடைசியாக இடது ஸ்பேசர். நட்டை இறுக்கும்போது இந்த வரிசை முழுவதும் ஒரே தூண் போலச் சேர்ந்து இறுகி அசைவற்று நிற்கிறது. பேரிங்குகளின் வெளிவளையங்களும், அவற்றைப் பிடித்திருக்கும் ஹப்பும், ரிம்மும், டயரும் மட்டுமே அந்தத் தூணைச் சுற்றிச் சுழல்கின்றன. தூணின் நீளம் சரியாக இருந்தால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரத்தின் சுழற்சி இம்மியும் மாறக்கூடாது. மாறுகிறது என்றால் தூணில் எங்கோ ஒரு துண்டு இல்லை, அல்லது இடம் மாறியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு பேரிங் தன் இடத்தில் உட்காரவில்லை.

அந்த இறுக்கம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளையாட்டில்லை என்பது புரியும். 14 மில்லிமீட்டர் திருகுள்ள ஆக்சிலை 60 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், வழக்கமான உராய்வை வைத்துப் பார்க்கையில், அந்தத் தூணின் மீது ஏறத்தாழ 2 டன் எடைக்கு நிகரான விசை விழுகிறது. குழாயும் காலர்களும் அதைத் தாங்கவே செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்று இல்லாதபோது அந்த விசை வேறு வழி தேடும். ஒரு பேரிங்கின் உள்வளையத்தைப் பக்கவாட்டில் தள்ளி, அதன் குண்டுகளை வெளிவளையத்தின் ஓரத்தோடு நெரிக்கும். இவ்வகைப் பேரிங் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமப்பதற்கானது. பக்கத்திலிருந்து வருவதில் சிறிதளவுதான் பொறுத்துக்கொள்ளும். நீங்கள் கையில் உணர்ந்த அந்த இறுக்கம் குண்டுகள் நெரிபடும் இறுக்கமாகவே இருக்கவேண்டும்.

நட்டைத் தளர்த்தினால் நெரிசல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தூண் இறுகி நிற்காதபோது பேரிங்குகளின் உள்வளையங்கள் ஆக்சிலின் மீது வழுக்கிச் சுற்றத் தொடங்கி, ஆக்சிலைத் தேய்க்கும். ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் செயின் இழுக்கும் இழுப்பில் சக்கரத்தின் இடது பக்கம் முன்னே நகரப் பார்க்கும். பிரேக் பிராக்கெட்டும் தளர்ந்து ஆடும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளுக்கு நடுவே இந்த மூன்றும் ஒன்றாக நடப்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இனி அந்தக் காலர். அது மூன்றில் ஒன்றாக இருக்கவேண்டும்: வலது ஸ்பேசர், இடது ஸ்பேசர், அல்லது கேரியரின் உட்காலர். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. காலரைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து அதன் வெளிப்புறத்தைப் பாருங்கள். வலது, இடது ஸ்பேசர்கள் இரண்டும் தூசி புகாமல் தடுக்கும் ஆயில் சீலின் வாய்க்குள் நிற்பவை. சீலின் ரப்பர் உதடு சுழலும்போது அவற்றின் மீது உரசிக்கொண்டே இருப்பதால், ஓடிய வண்டியில் பளபளப்பான ஒரு வளையம் பதிந்திருக்கும். பழைய வண்டியானால் நகத்தால் தடவும்போதே மெல்லிய பள்ளம் தட்டுப்படும். உட்காலர் எந்தச் சீலோடும் உரசுவதில்லை. அதன் புறம் ஒரே நிறமாக, பெரும்பாலும் பழைய கிரீஸ் படிந்து மங்கலாக இருக்கும். உங்கள் கையில் இருப்பதில் அந்த வளையம் இல்லையென்றால் அது உட்காலர்தான், ஐயமில்லை. என் ஊகமும் அதுவே, ஏனென்றால் மற்ற இரண்டில் ஒன்று விடுபட்டிருந்தால் ஸ்விங் ஆர்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்திருக்கும். நீங்களே நின்று யோசித்திருப்பீர்கள்.

உட்காலர் தொலைவதற்கென்றே பிறந்த உதிரிப் பாகம் என்று சொல்லத் தோன்றுகிறது. கப்ளிங் ரப்பர்களை மாற்றுவதற்காகக் கேரியரைச் சக்கரத்திலிருந்து இழுத்தவுடன், அது சத்தமில்லாமல் நழுவி விழுந்து உருண்டு போய்விடும். ரப்பர்களைப் பொருத்திக் கேரியரை மீண்டும் அழுத்தும்போது எல்லாம் சரியாக உட்கார்ந்தது போலவே இருக்கும், ஏனெனில் கேரியரைத் தாங்க ரப்பர்கள் இருக்கின்றன. நட்டை இறுக்கும்போதுதான் வினை தொடங்கும். இடது ஸ்பேசர் கேரியர் பேரிங்கின் உள்வளையத்தை உள்ளே தள்ளும்; மறுபுறம் அதை எதிர்த்து நிற்க வேண்டிய காலர் இல்லாததால், கேரியரே உள்வாங்கி ஹப்பின் முகத்தோடு உராயும். இவை அனைத்தும் நீங்கள் சொல்லும் அறிகுறியோடு பொருந்துகின்றன. காலரின் வடிவம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஒரு முனையில் விளிம்பு இருக்கும், சிலவற்றில் நேரான குழாய்த் துண்டாக இருக்கும். விளிம்பு உள்ளதென்றால் அது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதை உங்கள் வண்டியின் உதிரிப்பாகப் படத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காலரைப் போட்டபின்பும் இறுக்கம் தீரவில்லையென்றால், ஐயம் நீங்கள் அடித்துப் பொருத்திய பேரிங்குகளின் மீது திரும்பவேண்டும். இங்கேதான் கைதேர்ந்த மெக்கானிக்குகளே சிலசமயம் சறுக்குகிறார்கள். ஹப்பின் இரு புறமும் பேரிங் உட்காரும் குழியின் அடியில் ஒரு படி இருக்கும். முதல் பேரிங்கை, எந்தப் பக்கம் முதலில் என்று கையேடு சொல்கிறதோ அந்தப் பக்கத்தில், படியில் முட்டும்வரை முழுமையாக இறக்கவேண்டும். பிறகு சக்கரத்தைத் திருப்பி, ஸ்பேசர் குழாயை உள்ளே விட்டு, இரண்டாவது பேரிங்கை இறக்கவேண்டும். அந்த இரண்டாவது பேரிங் படி வரை போகவேண்டியதில்லை. அதன் உள்வளையம் குழாயின் முனையைத் தொட்ட இடத்தில் நிறுத்திவிடவேண்டும். குழாய் இரு படிகளுக்கு இடையிலான தூரத்தைவிட ஒரு மயிரிழை நீளமாக வெட்டப்பட்டிருப்பது இதற்காகத்தான். தொட்டபின்னும் வெளிவளையத்தில் தொடர்ந்து அடித்தால், உள்வளையம் குழாயில் முட்டி நிற்க, வெளிவளையம் மட்டும் மேலும் உள்ளே போய்க் குண்டுகள் நெரியும். தொடுவதற்கு முன்பே நிறுத்திவிட்டால் குழாய் உள்ளே கடகடவென்று ஆடும். பிறகு நட்டை இறுக்கும்போது உள்வளையங்கள் குழாயை நோக்கி இழுக்கப்பட்டு, மறு திசையில் அதே நெரிசல் உண்டாகும்.

சோதிப்பது எளிது. ஆக்சில் இல்லாமல், பேரிங்கின் துளைக்குள் விரலை விட்டு உள்வளையத்தைச் சுழற்றுங்கள். தடையோ கரகரப்போ இல்லாமல் வழுவழுவென்று சுற்றவேண்டும். அதே விரலால் குழாயை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். தானாக விழுந்து ஆடக்கூடாது. ஆனால் சற்று அழுத்தினால் நகரவேண்டும். அதிகமாக இறக்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால், ஆக்சிலை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டு, ரப்பர் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். பேரிங்கை அடிக்கும்போது வெளிவளையத்தின் மீது மட்டும் உட்காரும் அளவுள்ள சாக்கெட்டைப் பயன்படுத்தினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உள்வளையத்தில் அடித்து இறக்கிய பேரிங் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதன் ஆயுள் பாதியில் போய்விடும். 6203 என்ற எண்ணுள்ள பேரிங்கின் வெளி விட்டம் 40 மில்லிமீட்டர், 6204-க்கு 47 மில்லிமீட்டர். அதைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்த சாக்கெட் போதும்.

பேரிங்கை இரண்டு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, ஹப்பை வெப்பக்காற்றால் சூடாக்கி இறக்கும் முறை நல்லதே. பாதி வேலையைக் குளிர்ச்சியே செய்துவிடும். ஆனால் நம் ஊரின் ஈரக்காற்றில், உறைபெட்டியிலிருந்து எடுத்த மறுகணமே பேரிங்கின் மீது பனி பூத்துவிடும். அதை அப்படியே ஹப்பில் இறக்கினால் துருவுக்கு நாமே விதை போட்டதாகிவிடும். துடைத்துவிட்டு, வெளிவளையத்தில் ஒரு சொட்டு எண்ணெயைத் தடவி இறக்குங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது பெரும்பாலும் இருக்காது.

இப்போது மீண்டும் பூட்டுவதைப் பற்றி. வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, ஆக்சிலை அதன் வழியே விட்டு, ஸ்பேசர்களையும் பிரேக் பிராக்கெட்டையும் உரிய வரிசையில் கோத்து, தூணின் மொத்த நீளத்தை அளந்து பாருங்கள். பிறகு ஸ்விங் ஆர்மின் இரு கைகளுக்கும் இடையிலான உள் அகலத்தை அளந்து பாருங்கள். இடைவெளி தூணைவிட ஓரிரு மில்லிமீட்டர் அதிகமாக இருக்கலாம். கைகள் அந்த அளவுக்கு வளைந்து கொடுக்கும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்திருந்தால் உங்கள் காலர் அன்றைக்கே தன் இடத்தைச் சொல்லியிருக்கும்.

ஆக்சிலைச் சுத்தம் செய்து, கண்ணாடி மேசையின் மீது உருட்டி வளைவில்லை என்று உறுதிசெய்தபின், மெல்லிய ஒரு பூச்சு கிரீஸ் தடவுங்கள். ஆக்சில் சுழல்வதில்லை என்று மேலே சொன்னேன். எனவே இந்தக் கிரீஸ் உராய்வைக் குறைப்பதற்கானது அல்ல, துருவைத் தடுப்பதற்கானது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் தீவில், கூரையில்லாத நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டியின் ஆக்சில் மூன்று ஆண்டுகளில் பேரிங்கோடு ஒட்டிப்போய், சுத்தியலுக்கும் அசையாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அள்ளி அப்பவும் வேண்டாம். மிஞ்சியது வெளியே வழிந்து மண்ணைப் பிடித்துவைக்கும், இல்லையென்றால் டிஸ்க்கில் போய்ச் சேரும். சீல்களின் உதட்டில் சிறிது வையுங்கள். கப்ளிங் ரப்பர்களுக்குக் கிரீஸ் ஆகாது. இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்துங்கள், அது காய்ந்துவிடும்.

சக்கரத்தை ஏற்றும்போது இரண்டு கைகள் போதாது என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். டயரின் அடியில் ஒரு மரக்கட்டையை அல்லது உங்கள் காலணியின் முனையை வைத்து உயரத்தைச் சரிசெய்துகொண்டால் கைகள் விடுபடும். செயினை முதலில் ஸ்ப்ராக்கெட்டின் மேல் ஏற்றிவிடுங்கள். டிஸ்க்கைப் பிரேக் பேடுகளுக்கு நடுவே செலுத்தும்போது பேடின் விளிம்பில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வெளியே இருந்த நேரத்தில் யாராவது பிரேக் பெடலை மிதித்திருந்தால் பேடுகள் நெருங்கிப்போய் டிஸ்க் நுழையாது. தட்டையான மரத்துண்டால் அவற்றை மெதுவாக விலக்கவேண்டியிருக்கும். இந்த வேலையில் நான் எதற்கும் அவசரப்படாதே என்று சொல்வது ஓர் இடத்தில்தான்: பிரேக் பிராக்கெட்டில் ஒரு காடியோ நாக்கோ இருக்கும், அது ஸ்விங் ஆர்மில் உள்ள மேட்டோடு பொருந்தவேண்டும். சில வண்டிகளில் அதற்குப் பதிலாகத் தனியாக ஒரு பிடிகம்பி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது கேலிப்பரைச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் தடுப்பது அந்த ஒன்றே. காடி பொருந்தாமலே ஆக்சிலைச் செலுத்தி நட்டையும் இறுக்கிவிட முடியும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். முதல் பலமான பிரேக்கில் பிராக்கெட் சுழன்று, பிரேக் குழாயை அறுத்து, சக்கரத்தைப் பூட்டிவிடும். குனிந்து, டார்ச் அடித்து, கண்ணால் பார்த்தபின் அடுத்த அடியை வையுங்கள்.

ஏபிஎஸ் உள்ள வண்டியானால் டிஸ்க்கின் அருகே பல்லுப் பல்லாக ஒரு வளையமும் அதன் எதிரே ஒரு சென்சாரும் இருக்கும். வளையம் வளையாமலும் சென்சாரின் முனையில் கிரீஸ் படாமலும் இருந்தால் போதும்.

நட்டை விரலால் பூட்டியபின் செயினின் தளர்வை, அதாவது கீழ்ச்செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் ஆடும் தூரத்தை, சரிசெய்யவேண்டும். சரியான அளவு எது என்பது பெரும்பாலான வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலேயே ஒட்டப்பட்டிருக்கும். சாலை வண்டிகளுக்குப் பொதுவாக 20 முதல் 40 மில்லிமீட்டருக்குள் ஓர் அளவு. குறைவாக விடுவது அதிகமாக விடுவதைவிட ஆபத்தானது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் சுழல்புள்ளி, பின் ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது செயின் மிகவும் விறைத்து நிற்கும். பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் இறங்கும்போது அந்த நிலை வரும். அப்போது தளர்வு மிச்சமில்லையென்றால், செயின் கியர்பெட்டியின் வெளித்தண்டையும் அதன் பேரிங்கையும் இழுத்துச் சிதைக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, எங்கே மிக விறைப்பாக இருக்கிறதோ அந்த இடத்துக்கு அளவை வைத்துக்கொள்ளுங்கள். செயின் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை.

சக்கரம் நேராக நிற்கிறதா என்பதற்கு ஸ்விங் ஆர்மில் கோடுகள் இருக்கும். அவற்றை நான் முழுமையாக நம்புவதில்லை. அச்சடித்த தொழிற்சாலையின் கைநேர்த்தியைப் பொறுத்தது அது. ஸ்விங் ஆர்மின் சுழல்புள்ளியின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடுவரை இரு பக்கமும் அளவு நாடாவால் அளந்து சமமாக்கினால், கோடுகள் என்ன சொன்னாலும் கவலையில்லை. பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிச் செயினை நோக்கினால் அது வளையாமல் நேராக ஓடுவதும் தெரியும். சில வாரங்கள் ஓடியபின், பின் ஸ்ப்ராக்கெட் பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் கோணல் இருக்கிறதென்று பொருள்.

இறுதி இறுக்கத்தில் பலரும் கோட்டைவிடும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. நட்டை இறுக்கும்போது ஆக்சில் சற்றே பின்னுக்கு நகர்ந்து, சரிசெய்துவைத்த செயின் விறைத்துவிடும். இதைத் தவிர்க்க, ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினின் கீழ்ப்பகுதிக்கும் நடுவே ஒரு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைச் செருகி, சக்கரத்தைச் சிறிது முன்னோக்கி (வண்டி முன்னே ஓடும் திசையில்) உருட்டுங்கள். செயின் இறுகி ஆக்சிலை முன்னோக்கி இழுத்து, இரு பக்கச் சரிசெய்யும் திருகுகளோடும் ஒட்டவைக்கும். அந்த நிலையில் நட்டை இறுக்கிவிட்டுக் கைப்பிடியை எடுத்துவிடலாம். விரலை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சங்கிலிக்கும் பல்லுக்கும் நடுவே விரலை இழந்தவர்கள் இந்தத் தொழிலில் அரிதல்ல. இன்ஜின் ஓடும்போது இதைச் செய்வது பைத்தியக்காரத்தனம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நட்டை இறுக்குவதற்கான அளவை உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். என் நினைவிலிருந்து ஓர் எண்ணைச் சொல்லி உங்களை நம்பவைக்க விரும்பவில்லை. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் இரவல் வாங்குங்கள், அல்லது வண்டியை மெதுவாக ஓட்டிச் செல்லும் தூரத்தில், காக்கி புக்கிட்டிலோ சுங்கை காடுட்டிலோ உள்ள ஏதாவதொரு பட்டறையில் அந்த ஒரு நட்டை மட்டும் இறுக்கித் தரச் சொல்லுங்கள், யாரும் மறுப்பதில்லை. திருகின் மரையில் கிரீஸ் படியாமல் துடைத்துவிடுங்கள், ஏனென்றால் வழுக்கும் மரையில் ரெஞ்ச் காட்டும் எண் அதேதான், விழும் விசையோ அதைவிட அதிகம். நட்டில் காடிகள் இருந்து, ஸ்ப்ளிட் பின் செருகும் வகையென்றால் ஒவ்வொரு முறையும் புதிய பின் போடுங்கள். அதன் விலை ஒரு கோப்பி குடிக்கும் காசுகூட ஆகாது. தானே பூட்டிக்கொள்ளும் வகை நட்டானால், கையால் எளிதாகத் திருகிவிட முடிகிற அளவுக்கு அது தளர்ந்துபோயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் முடிந்தபின், வண்டியில் ஏறுவதற்கு முன், பிரேக் பெடலைக் கையால் அழுத்துங்கள். முதல் சில அழுத்தல்கள் வெறுமையாகப் போகும். விலக்கிவைத்த பேடுகள் மீண்டும் டிஸ்க்கைத் தொடும்போதுதான் பெடல் கெட்டியாகும். இதை நான் ஒருமுறை மறந்தேன். பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்தில், நண்பரின் வண்டிக்கு டயர் மாற்றிவிட்டு, சரிவுப்பாதையில் இறங்கத் தொடங்கியபின் பின்பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. முன்பிரேக் இருந்ததால் சுவரை ஓர் அடி தூரத்தில் பார்த்துவிட்டு நின்றேன். அந்த வண்டியை எனக்குக் கொடுத்த நண்பர் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சுழற்றிப் பார்க்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேடுகள் டிஸ்க்கை லேசாக உரசுவதும், செயினின் எடை இழுப்பதும் இயல்பு. அவற்றையும் பேரிங் இறுக்கத்தையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க, கேலிப்பரைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, செயினையும் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து விலக்கிவிட்டுச் சோதியுங்கள். பிராக்கெட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்; அதுவும் தூணின் ஒரு துண்டு. நட்டைக் கையேட்டு அளவுக்கு இறுக்கியபின் சக்கரம் நன்றாகப் பல சுற்றுகள் ஓடி, மெதுவாக நின்றால், தூண் சரி. பிறகு டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், முன்னும் பின்னும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்ற சத்தமோ அசைவோ இருக்கக்கூடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. காலர் இல்லாமல் நட்டை இறுக்கிய நிலையில் வண்டியை ஓட்டினீர்களா? முற்றத்தில் கையால் மட்டும் சுழற்றிப் பார்த்திருந்தால், பேரிங்குகளை விரலால் சோதித்து வழுவழுப்பாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓரிரு நாள் வேலைக்கு ஓட்டிச் சென்றிருந்தால், கேரியர் பேரிங்கையாவது புதிதாக மாற்றிவிடுங்கள், அது எவ்வளவு நன்றாகச் சுழன்றாலும் சரி. நெரிபட்ட குண்டுகள் ஓடுபாதையில் பதித்த சிறு தடங்களை விரலால் உணர முடியாது; வெப்பமும் வேகமும் சேரும்போதுதான் அவை பேசத் தொடங்கும். வண்டிக்கு மூன்று வயது ஆகியிருந்தால் ஆண்டுதோறும் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோவீர்கள். அங்கே சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதில்லை என்பதால், அதில் தேறியதை இதற்குச் சான்றாகக் கொள்ளவேண்டாம்.

மலாக்கா இங்கிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அதற்கு முன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் குறைந்த வேகத்தில் ஓட்டி, இறங்கி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் மீண்டும் கழற்றுங்கள். நன்றாக இருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியபின் செயினின் தளர்வையும் நட்டின் இறுக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். காலரின் நீளத்தையும், அதன் புறத்தில் பளபளப்பான வளையம் இருக்கிறதா இல்லையா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.